கொழும்பு டைம்லைனும் எங்கட வாடைக்காத்தும்

டெலிகொம் டவர் கட்டுற வேலைக்குக் கொழும்பில இருந்து வாற டைம்லைன் எதை எடுத்துப் பாத்தாலும் அதில நவம்பரும் மற்ற மாசங்கள் மாதிரித்தான் இருக்கும். கிடங்கு வெட்ட இத்தினை நாள், கம்பி கட்ட இத்தினை நாள், கொங்கிரீட், டவர் எழுப்புறது, கரண்ட், ஒன் எயர் (சிக்னல் போகத் தொடங்கிற நாள்) எண்டு எல்லாத்தையும் கலர் கலரா எக்செல்ல கீறி அனுப்பியிருப்பாங்கள். பாக்க வடிவாத்தான் இருக்கும். எங்கட திருமலையில (திருகோணமலை) நவம்பர் எண்டா வாடைக்காத்து மழை, நிலாவெளிப் பக்கம் அந்த மழைக்காலத்தில கொஞ்சம் தோண்டினாலே தண்ணி ஊறும் எண்டது அந்த எக்செல்லுக்குத் தெரியாது.

நான் செய்யிறது டெலிகொம் டவர் கட்டுற ஒரு கம்பனியில புரொஜெக்ட் கோர்டினேட்டர் வேலை. மேனேஜரும் இல்ல, எஞ்சினியரும் இல்ல. மேனேஜர் கொழும்பில, எஞ்சினியர்மார் நாலைஞ்சு மாவட்டத்துக்கு ஓடித்திரியினம், இஞ்ச புல்மோட்டையில இருந்து வெருகல் வரைக்கும் எந்த சைட் எங்க நிக்குது, ஏன் நிக்குது, ஆரைப் பிடிச்சா அசையும் எண்டு தெரிஞ்சு வச்சிருக்கிறதுதான் என்ட வேலை. ஊரில என்னைப் பற்றி ஆரையும் கேட்டா "தம்பி டவர்ல ஏறுறவர்" எண்டு சொல்லுவினம். நான் ஏறுறேல்ல. ஏறுற பெடியள் வேற, அவங்களுக்கு அதுக்கெண்டு ட்ரெயினிங், செர்டிபிகேட், பெல்ட், ஹெல்மெட் எல்லாம் இருக்கு. அவங்கள் ஏறுற நாள் வரைக்கும் வேலையை இழுத்துக்கொண்டு வாறது, ஏறி இறங்கினாப்பிறகு காசு வரும்வரைக்கும் பேப்பரை இழுத்துக்கொண்டு போறது, இது ரெண்டும்தான் நாங்கள்.

ஒரு டவருக்குப் பின்னால எத்தினை கம்பனி இருக்கெண்டது வெளியில இருக்கிற ஆக்களுக்குத் தெரியாது. போன்ல டயலொக், மொபிடெல், ஹட்ச் எண்டு பேர் விழும், ஆனா அந்த டவர் அவங்கட சொந்தமா இருக்க வேணும் எண்டில்ல. டவரை மட்டும் கட்டி வாடகைக்கு விடுற கம்பனியளும் இருக்கு, ஒரே டவர்ல ரெண்டு மூண்டு ஒப்பரேட்டர் அன்டெனா பூட்டியிருக்கிறதும் சாதாரணம். அதுக்குக் கீழ மெயின் கொன்ராக்டர், அதுக்குக் கீழ எங்களைப் போல சப், எங்களுக்குக் கீழ மேசன் பாஸ் (கொத்து வேலைத் தலைவர்), டவர் ஏறிப் பூட்டுற ரிகர் டீம், மண் வெட்டுற பெக்கோக்காரர், தண்ணி கொண்டு வாற பவுசர்காரர். மேல ஒரு ஆள் "வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா" எண்டு கேட்டா அந்தக் கேள்வி ஒவ்வொரு படியா இறங்கி வரேக்க "வெள்ளிக்கிழமை முடிஞ்சிடும்" எண்டு மாறித்தான் பாஸிட்ட போய்ச் சேரும். இடையில நிண்டு இல்லை ஐயா, அந்த வெள்ளி ஏலாது, அதுக்கு அடுத்த வெள்ளியும் பெரும்பாலும் ஏலாது எண்டு நேரத்தோட சொல்லுறதுக்கு ஒரு ஆள் வேணும். அதைச் சொன்னா முதல்ல ஏச்சு விழும். பேந்து பழகிடுவினம்.

வேலை தொடங்கிறது ஒரு வட்டத்தில இருந்து. ரேடியோ பிளானிங் ஆக்கள் மப்பில ஒரு புள்ளி வச்சு அதைச் சுத்தி வட்டம் கீறி அனுப்புவினம், சேர்ச் ரிங் எண்டு சொல்லுறது. அந்த வட்டத்துக்குள்ள ஏ, பி, சி எண்டு மூண்டு காணி பிடிச்சுக் குடுக்க வேணும். கம்ப்யூட்டர் வச்ச புள்ளி களப்புக்குள்ளயும் விழும், கோயில் கேணிக்குள்ளயும் விழும், நேவி காம்ப்புக்குள்ளயும் விழும். திருமலையில வட்டம் கீறினா அதில பாதி தண்ணியாவோ காம்ப்பாவோ இருக்கிறது ஒண்டும் அதிசயமில்ல. மிச்சப் பாதிக்குள்ளதான் நாங்கள் காணி தேடுறது.

காணி எண்டதில கொஞ்சம் நிண்டு கதைக்க வேணும், ஏனெண்டா என்ட கணக்கில இஞ்ச ஒரு சைட் பிந்துறதுக்குப் பெரிய காரணம் மழையும் இல்ல, ஸ்டீலும் இல்ல, உறுதிதான். கொழும்பு செக்லிஸ்ட்ல ஒரு வரிதான் இருக்கும், உறுதி, சேர்வே பிளான், ஓனரின்ட ஐடி எண்டு. இஞ்ச அந்த ஒரு வரிக்குள்ள முப்பது வருச யுத்தக் கதை இருக்கு. சாம்பல்தீவுப் பக்கம் ஒரு அம்மா, காணி நல்ல காணி, ரோட்டுக் கரை, மேடு, கரண்ட் லைனும் பக்கத்தில போகுது. உறுதி இருக்கோ அம்மா எண்டு கேட்டதுக்கு உள்ள போய் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, சொப்பிங் பேக்குக்குள்ள சொப்பிங் பேக், அதுக்குள்ள ஒரு பால்மா டின், அதுக்குள்ள சுருட்டி வச்சிருந்த கடதாசியை எடுத்து மடியில வச்சு விரிச்சவ. "90ல ஓடேக்க தாட்டு வச்சிட்டுப் போன நாங்கள் தம்பி, திரும்பி வந்து தோண்டி எடுத்தது." மடிப்பு மடிப்பா கிழிஞ்சிருந்தது, சேர்வே பிளானில ஒரு மூலையைக் கறையான் திண்டிருந்தது, திண்டதும் எங்கட டவர் வரப்போற பக்கத்து எல்லையைத்தான். லோயர் பாத்திட்டு காணிப் பதிவகத்தில இருந்து அத்தாட்சிப்படுத்தின பிரதி வேணும் எண்டார், சரிதானே, அவர் அப்பிடித்தான் சொல்ல வேணும். அந்தப் பிரதி எடுக்கப் போனா பழைய பதிவுப் புத்தகத்தில பேர் அவவின்ட தாயாரின்ட பேரில நிக்குது, தாயார் செத்தாப்பிறகு பிள்ளையள் ஆறு பேருக்கும் பங்கு, அதில ரெண்டு பேர் கனடா, ஒருத்தர் எங்க எண்டு தெரியாது.

வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் அற்றோணித் தத்துவம் (தங்களுக்காகக் கையெழுத்துப் போட இஞ்ச ஒருத்தருக்குக் குடுக்கிற அதிகாரப் பத்திரம்) அனுப்ப வேணும், அது எம்பசியாலயோ நொத்தாரிசாலயோ முறையா வர வேணும், வந்து இஞ்ச பதிய வேணும். அதுக்கிடையில கனடா அண்ணை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வாட்ஸ்அப்பில எடுப்பார், அவருக்கு அது பகல்தானே. "மாசம் எவ்வளவு குடுப்பீங்கள், பத்து வருசத்துக்கு எண்டா எத்தினை வீதம் கூடும், இடையில நாங்கள் காணியை விக்கலாமோ" எண்டு கேப்பார். நியாயமான கேள்விகள்தான், ஆனா பதில் சொல்லுற அதிகாரம் எனக்கில்ல, காணி பேசி எடுக்கிற சைட் அக்குசிஷன் ஆளுக்குத்தான் இருக்கு, அவர் அந்த நேரம் நித்திரை.

பேமிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில குடுத்த காணி எண்டா இன்னொரு தலையிடி. 1935ம் ஆண்டு காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ குடுத்த காணிகள் இந்த மாவட்டத்தில நிறைய, கந்தளாய் தம்பலகாமம் பக்கம் கேக்கவே தேவையில்ல. சனம் அதைத் தங்கட சொந்தக் காணி எண்டுதான் நினைச்சு ரெண்டு மூண்டு தலைமுறையா இருக்குதுகள், நடைமுறையில அது சரியும்தான், ஆனா அதை ஒரு கம்பனிக்கு லீசுக்குக் குடுக்கிறது ஓனரின்ட கையெழுத்தோட முடியிற விசயமில்ல, டிஎஸ் ஒப்பீசுக்கு (பிரதேச செயலகம்) போக வேணும். புதுசா வாற அக்குசிஷன் பெடியள் இதைக் கவனிக்காம வாடகை எல்லாம் பேசி முடிச்சு அட்வான்சும் சொல்லிட்டு வந்து நிப்பினம். அதால இப்ப எங்கட போமில முதல் கேள்வியே "என்ன வகைக் காணி" எண்டுதான் வச்சிருக்கிறன், வாடகை எவ்வளவு எண்டது கடைசிக் கேள்வி.

அனுமதிகள். பிரதேச சபை, டிஆர்சி (தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு), உயரத்துக்கு சிவில் விமான சேவைகள் அதிகார சபை, இடத்தைப் பொறுத்து சுற்றாடல், தொல்பொருள், வன இலாகா, பாதுகாப்புப் பக்கம். எல்லா சைட்டுக்கும் எல்லாம் தேவைப்படாது, ஆனா திருமலை எப்பிடியெண்டா தேவைப்படாத சைட் குறைவு. சீனன்குடாவில விமானப்படை ஓடுபாதை இருக்கு, அதைச் சுத்தி உயரம் கேட்டா ரெண்டு தரம் யோசிப்பினம். கடற்கரையில இருந்து 300 மீற்றருக்குள்ள வந்தா கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம், எங்கட மாவட்டத்தில சனம் இருக்கிறதில பாதி கரையோட ஒட்டித்தானே. கன்னியா, திரியாய் பக்கம் எண்டா தொல்பொருள் ஆக்கள் வந்து பாக்காம மண்வெட்டியே வைக்கேலாது. இந்தக் கடிதம் வேணும் எண்டா அந்தக் கடிதம் முதல் வேணும் எண்டு சிலது ஒண்டோட ஒண்டு பின்னிக்கொண்டு நிக்கும், சிலதை ஒரே நேரத்தில போடலாம். எது எது ஒரே நேரத்தில போடலாம் எண்டு தெரிஞ்சிருந்தா ரெண்டு மூண்டு மாசம் மிச்சம் பிடிக்கலாம், இதை ஒரு புத்தகத்திலயும் எழுதி வைக்கேல்ல, ஒவ்வொரு கவுண்டரிலயும் நிண்டு கேட்டுத்தான் பிடிச்சது.

எங்கட டிராக்கர்ல முந்தி "ஸ்டேட்டஸ்" எண்டொரு கொலம் இருந்தது. அதில எல்லாரும் பென்டிங், பென்டிங் எண்டு அடிச்சு வைப்பினம். அதால ஒரு பிரயோசனமும் இல்ல. அதைத் தூக்கிட்டு மூண்டு கொலம் போட்டன். பைல் இப்ப ஆரின்ட மேசையில, எந்தத் தேதியில இருந்து, அதை உங்களுக்குச் சொன்னது ஆர். மூண்டாவதுதான் முக்கியம். "போட்டிருக்காம்" எண்டு சொல்லுறதுக்கும் "உள்ள இருக்கிற கிளார்க் அக்கா பைலைத் திறந்து காட்டினவ" எண்டு சொல்லுறதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. திங்கட்கிழமைக் கோலில மேனேஜர் ஒரு சைட்டைப் பற்றிக் கேட்டா மேசையையும் தேதியையும் சொல்லுவன், அவர் அடுத்த கேள்வி கேக்காம அடுத்த சைட்டுக்குப் போயிடுவார்.

ஊர்க்கூட்டம் பற்றி ஒரு பதிவே எழுதலாம். டவர் வரப்போகுது எண்டு கதை பரவினவுடன கோயில் மண்டபத்திலயோ பள்ளிவாசல்லயோ கூப்பிடுவினம். கதிர்வீச்சு, கான்சர், பிள்ளையள், குருவி, தென்னங்குரும்பை கொட்டுது, எல்லாம் வரும். எங்கட ஆக்கள் சிலர் போய் "அதெல்லாம் ஒண்டுமில்ல, படிக்காத சனத்தின்ட கதை" எண்டு வெட்டிக் கதைச்சிட்டு வருவினம், அந்த சைட் அதோட முடிஞ்சுது. நான் சொல்லுறது இவ்வளவுதான்: இதுக்கு உலக அளவில ஐக்னேர்ப் எண்ட அமைப்பு வரம்பு வச்சிருக்கு, 900 மெகாஹேர்ட்சில பொது ஆக்களுக்கு சதுர மீற்றருக்கு 4.5 வாட், 1800ல 9 வாட், சனம் நடமாடுற இடத்தில அளந்தா வழமையா அதை விடக் கனக்கக் குறைவாத்தான் வரும். உலக சுகாதார நிறுவனத்தின்ட கான்சர் ஆராய்ச்சிப் பிரிவு 2011ல ரேடியோ அலைகளை "இருக்கலாம்" எண்ட 2பி வகையில போட்டதையும் மறைக்காமச் சொல்லுவன், ஏனெண்டா அதை ஆராவது பெடியன் கூட்டத்துக்குள்ளயே போன்ல தேடி எடுத்துக் காட்டுவான், அப்ப நாங்கள் மறைச்ச மாதிரி ஆகிடும். டவருக்கு நேர கீழ இருக்கிற வீட்டுக்காரர்தான் கூடப் பயப்பிடுறது. அன்டெனா அடிக்கிறது பக்கவாட்டில, வெளிச்சவீட்டைப் பாத்த ஆக்களுக்கு விளங்கும், வெளிச்சம் தூரத்துக் கடல்ல போய் விழும், வெளிச்சவீட்டின்ட காலடியில இருட்டுத்தான். சிக்னல் குறைஞ்ச இடத்தில கையில இருக்கிற போன்தான் கூடப் பவர்ல அடிக்கும் எண்டதையும் சொல்லுவன். சிலர் ஏற்பினம், சிலர் தலையாட்டிட்டு அடுத்த நாள் பெட்டிசம் போடுவினம். கிண்ணியாவில ஒரு நானா கூட்டம் முடிஞ்சு வெளியில வந்து "எல்லாம் சரி தம்பி, எங்கட ஆக்களுக்கு செக்யூரிட்டி வேலை கிடைக்குமா" எண்டு கேட்டார். அது அவரின்ட உண்மையான கேள்வி, அதுக்கும் பதில் எடுத்துக் குடுக்கத்தான் வேணும்.

சரி, இதெல்லாம் தாண்டி சைட் கையில கிடைக்கேக்க மாசம் என்ன எண்டு பாத்தா ஒக்டோபர். எப்பவும் ஒக்டோபர்தான், என்ன விதியோ.

அத்திவாரம்தான் டவர் வேலையில எனக்குப் பிடிச்ச பகுதி, பயமும் அதிலதான். மேல எழும்பினதை பிறகு திருத்தலாம், கீழ போட்டதைத் திருத்தேலாது. மண் டெஸ்ட் எடுத்து டிசைன் வரும். நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி எல்லாம் மணல், கீழ தண்ணி, அதுவும் சில இடத்தில உவர்த்தண்ணி. கிடங்கு வெட்டினா கரை சரிஞ்சு கொண்டே வரும், ராவும் பகலும் மோட்டர் வச்சு இறைக்க வேணும், இறைக்கிற தண்ணி பக்கத்து வளவுக்குள்ள போனா அதுக்கொரு சண்டை. கொங்கிரீட்டுக்கும் தண்ணி ஊத்திப் பதப்படுத்துறதுக்கும் அந்தக் கிணத்துத் தண்ணியைப் பாவிக்கேலாது, உப்பு கம்பியைத் திண்டிடும், அதால நல்ல தண்ணி பவுசர்ல வர வேணும். பவுசர் வராத நாள் பாஸ் என்ன செய்வார்? பக்கத்துக் கிணத்தைப் பாப்பார். அதுக்காகத்தான் பவுசர் பில்லை நான் ஒவ்வொரு நாளும் கேக்கிறது, காசு மிச்சம் பிடிக்கிறதுக்கெண்டு அவர் நினைக்கிறார், நினைக்கட்டும்.

கொங்கிரீட் போடுறதுக்கு முதல் நாள், டவர் காலை அத்திவாரத்தோட பிடிக்கிற எங்கர் போல்ட்டுகளை டெம்ப்ளேட்டில பூட்டி நிறுத்துவினம். நாலு கால் டவர் எண்டா நாலு மூலைக்கும் நாலு கட்டு. பக்க அளவு சரியா இருந்தாப் போதாது, மூலைவிட்டம் ரெண்டையும் இரும்பு டேப் பிடிச்சு அளக்க வேணும், ரெண்டும் ஒண்டா வராட்டி சதுரம் சதுரமில்ல, மேல போகப் போக அது காட்டிக் குடுக்கும். டேப்பின்ட ஒரு நுனியில நான், மற்ற நுனியில மேசன் பாஸ், நடுவில தொய்யாம ஒரு பெடியன் கையால தாங்கிப் பிடிப்பான், எஞ்சினியர் குனிஞ்சு வாசிப்பார். பாஸ் ஒவ்வொரு தரமும் "சரியாத்தான் இருக்கு ஐயா, நான் நேற்றே பாத்தனான்" எண்டு சொல்லுவார், எஞ்சினியர் ஒவ்வொரு தரமும் திரும்ப அளக்கச் சொல்லுவார். போல்ட்டின்ட மரையில கிறீஸ் பூசி சொப்பிங் பேக் சுத்தி ரப்பர் பேண்ட் போட்டாத்தான் கொங்கிரீட் ஒட்டாது. பிறகு லொறி வரத் தொடங்கினா நிப்பாட்டேலாது, ஒரு வார்ப்பில முடிய வேணும். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் எண்டா மிக்சர் லொறி வந்து சேருற நேரத்தைக் கணக்குப் பாத்து, இறுகிறதைப் பிந்த வைக்கிற மருந்து போட்டுத்தான் அனுப்பச் சொல்லுறது. முந்தி கிண்ணியாவுக்குப் பாதைப்படகு, பெரிய சாமான் எண்டா கந்தளாய் சேருநுவரப் பக்கமாச் சுத்தித்தான் மூதூருக்குப் போக வேணும். 2009ல 396 மீற்றர் பாலம் திறந்தாப்பிறகுதான் அந்தப் பக்கம் கட்டுமான வேலைக்கு ஒரு உயிர் வந்தது.

பலம் பாக்கிறதுக்கு அதே கொங்கிரீட்டில கியூப் (சாம்பிள் கட்டி) எடுத்து வைக்கிறம், 7ம் நாள் ஒரு டெஸ்ட், 28ம் நாள் ஒரு டெஸ்ட். இந்த 28 நாளைத்தான் டைம்லைனில எல்லாரும் கடிச்சுப் பாக்கிறது. 7ம் நாள் ரிசல்ட் நல்லா இருந்தா எழுப்பத் தொடங்கலாம்தானே எண்டு கேப்பினம். அதை எஞ்சினியர் எழுத்தில குடுத்தாத் தொடங்கலாம், வாட்ஸ்அப்பில தம்ஸ் அப் போட்டதெல்லாம் எழுத்தில்ல.

ஸ்டீல் வந்து இறங்கினவுடன துண்டு எண்ணுறதுக்கு முதல் நான் பாக்கிறது டிரோயிங்கின்ட மூலையில இருக்கிற காத்து வேகம். 1978 நவம்பரில மட்டக்களப்பை அடிச்ச சூறாவளிக்குப் பிறகுதான் நாட்டை மூண்டு காத்து வலயமாப் பிரிச்சு கட்டடங்களுக்கு டிசைன் வேகம் வச்சினம், எங்கட கிழக்குக் கரை அதில காத்துக் கூடின பக்கம். உள்நாட்டுக்கெண்டு செய்த டவர் மாறி இஞ்ச வந்திறங்கினா பாக்க ஒரே மாதிரித்தான் இருக்கும். 1964 டிசம்பர்ப் புயலை இஞ்ச பழைய ஆக்கள் இப்பவும் கதைக்கினம், 2020 டிசம்பர் 2ம் தேதி புரெவி திருமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில கரை ஏறினதை நாங்களே பாத்தம். ஒரு நிமிசம் எடுத்து அந்த நம்பரைப் பாக்கிறதில ஆருக்கும் நட்டமில்ல.

டவர் எழுப்புறது லேசு எண்டு சொன்னா ரிகர் பெடியள் அடிக்க வருவாங்கள், ஆனா நாள்க்கணக்குப் பாத்தா முழு வேலையிலயும் அதுதான் கெதியா முடியிறது. சனம் காணுறதும் அதைத்தான், அதால "ரெண்டு கிழமையில கட்டிட்டாங்கள்" எண்டு நினைக்குதுகள். ஜின்போலை (ஸ்டீல் தூக்குற கம்பம்) ஏத்தி, கயித்தில துண்டு துண்டாத் தூக்கி, போல்ட் இறுக்கி மேல மேல போவாங்கள். பெரும்பாலும் சிங்களப் பெடியள், குருநாகல் அனுராதபுரம் பக்கம், கூடவே இஞ்சத்தப் பெடியளும். அவங்களுக்கு வீடு பாக்கிறது, சமையலுக்கு ஒரு அக்காவைப் பிடிக்கிறது, ஊருக்குள்ள ஆர் இவங்கள் எண்டு கேக்க முதல் ஜிஎஸ் (கிராம சேவகர்) ஐயாவிட்டயும் பொலிசிலயும் சொல்லி வைக்கிறது, இதெல்லாம் ஒரு கொலத்திலயும் இல்லாத வேலை. சித்திரை வருசத்துக்கு அவங்கள் வீட்ட போனா கிழமைக்கணக்கில வரமாட்டாங்கள், நோன்பு மாசத்தில கிண்ணியா மூதூர் சைட்டுகளில ஆக்களின்ட வேலை நேரம் மாறும், பங்குனியில கோணேசர் திருவிழா எண்டா டவுனுக்குள்ள லொறி கொண்டு வாறதை மறந்திட வேணும்.

பேந்து காத்து. வாடைக்கு மழை, இடி, அது எல்லாருக்கும் தெரியும். கொழும்புக்குத் தெரியாதது கச்சான் காத்து, தென்மேற்கில இருந்து அடிக்கிற வறண்ட காத்து. ஜூன், ஜூலை எண்டா வெய்யில் நெருப்பா எரியும், மழை ஒரு சொட்டு இல்ல, கொழும்பில இருந்து பாக்கிற ஆள் "நல்ல காலநிலை, ஏன் வேலை நடக்கேல்ல" எண்டு கேப்பார். மேல நிக்கிற பெடியனைக் கேட்டுப் பாருங்கோ. மண்ணை வாரி முகத்தில அடிக்கும், கயித்தில தொங்கிற ஸ்டீல் துண்டு சுழண்டு கொண்டு நிக்கும். அந்த மாசங்களில விடிய வெள்ளனத் தொடங்கி காத்து எழும்ப முதல் இறங்க வேணும், அதாவது ஒரு நாள் வேலை அரை நாளாத்தான் நடக்கும். அதால நான் கேக்கிறது ஒரே ஒரு விசயம்தான்: திருமலை சைட்டுக்குப் பிளான் போடேக்க அத்திவாரத்தையும் எழுப்புறதையும் மாசியில இருந்து வைகாசிக்குள்ள வையுங்கோ, காணியையும் கடிதத்தையும் அதுக்கு முதல் வருசமே தொடங்குங்கோ. ஸ்டீல் எப்ப கப்பல்ல வருது எண்டதை வச்சு இஞ்ச தேதி குறிக்காதேங்கோ. இதை நான் மெயிலில எழுதியும் இருக்கிறன், பதில் "நோட்டட்".

ஏர்த் டெஸ்ட்டும், அதாவது மின்னல் மண்ணுக்குள்ள இறங்கிற வழி சரியோ எண்டு அளக்கிறதும், இந்தக் காலநிலை விளையாட்டுத்தான். வழமையா 10 ஓமுக்குக் கீழ வர வேணும் எண்டு கேப்பினம். மழைக்காலத்தில அளந்தா மண் ஈரத்தில வடிவா வரும், அதே சைட்டை ஓகஸ்ட்டில காஞ்ச மணல்ல அளந்தா மீற்றர் எங்கயோ போய் நிக்கும். அப்ப இன்னும் ரெண்டு ரொட் இறக்கு, பென்டனைட் (ஈரம் பிடிக்கிற களிமண்) போடு எண்டு செலவு. காய்ஞ்ச காலத்தில பாஸ் ஆகினாத்தான் அது உண்மையில பாஸ், ஆனா பில் அனுப்பிற ஆக்களுக்கு மழைக்காலம்தான் பிடிக்கும், எனக்கும் சில நேரம் அப்பிடித்தான்.

டவரையும் டவரையும் டிஷ்ஷால இணைக்கிற மைக்ரோவேவ் லிங்க் பக்கம் நான் கூடத் தலையிடுறேல்ல, ஒண்டு மட்டும் சொல்லுறன். டவுனுக்கும் மூதூருக்கும் இடையில கொட்டியாரக்குடா இருக்கு, மப்பில பாத்தா நடுவில ஒரு மரமும் இல்ல, நேரா அடிக்கலாம் எண்டு தோணும். தண்ணிக்கு மேலால போற லிங்க்ல கடல் மட்டத்தில பட்டுத் தெறிக்கிற அலை நேரா வாற அலையோட மோதும், சில நேரம் சிக்னல் விழுந்து எழும்பும். அதுக்கு ஒரு டிஷ்ஷுக்குப் பதிலா உயர வித்தியாசத்தில ரெண்டு டிஷ் பூட்டுறது உண்டு. டவர்ல அதுக்கு இடம் விட்டிருக்கோ எண்டு ஆரம்பத்திலேயே கேக்காட்டி பிறகு அங்க ஏற்கனவே வேற ஒப்பரேட்டரின்ட அன்டெனா இருக்கும்.

கரண்ட் கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கரண்டுக்கு விண்ணப்பம், எஸ்டிமேட், காசு கட்டு, காத்திரு. டவர் நிக்கும், கரண்ட் வராது, ஜெனரேட்டர்ல ஓடும். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினவங்கள், டீசலுக்குக் கியூவில நிண்டவங்களுக்கு இப்பவும் ஞாபகம் இருக்கும். சைட் பட்டரி எல்லாம் 48 வோல்ட் டிசி, அது இத்தினை மணித்தியாலம் தாங்கும் எண்டு கணக்குப் போட்ட ஆள் 13 மணித்தியாலத்தை நினைச்சுக் கணக்குப் போடேல்ல. அந்த நேரம் டொலர் 200ல இருந்து 360 பக்கம் ஏறினதால பழைய விலைக்குக் கையெழுத்துப் போட்ட சின்ன கொன்ராக்டர்மார் கனபேர் தொழிலையே விட்டிட்டினம். அதுக்குப் பிறகு எந்த பிஓ (வேலை ஓர்டர்) வந்தாலும் விலை எத்தினை நாளைக்குச் செல்லும் எண்ட வரியைத்தான் எங்கட ஆக்கள் முதல்ல வாசிக்கிறது.

கடைசியா காசு. டவர் ஒன் எயர் போன அண்டைக்கு மேல எல்லாரும் குரூப்பில வாழ்த்துப் போடுவினம், எங்களுக்கு அண்டைக்குத்தான் பைல் வேலை தொடங்குது. ஏற்பு டெஸ்ட்டுக்கு வாற ஆள் ஒரு லிஸ்ட் எழுதித் தருவார், வேலிக் கதவில பூட்டு இல்ல, ஒரு போல்ட்டில வொஷர் இல்ல, ஜல்லி குறைவு, விமான எச்சரிக்கை லைட் ஒண்டு எரியேல்ல. அதெல்லாம் முடிச்சாத்தான் பில், அதிலயும் ஒரு பகுதியை ரிட்டென்ஷன் எண்டு பிடிச்சு வச்சு பிறகுதான் தருவினம். பில் திரும்பி வாறதுக்குப் பெரும்பாலும் காரணம் போட்டோ. மண்ணுக்குள்ள போற எதையும் மூட முதல் எடுக்காட்டி பேந்து எடுக்கேலாது: அத்திவாரக் கம்பி, கம்பியை மண்ணில முட்டாமத் தாங்கிற கவர் புளொக், ஏர்த் ரொட், ஏர்த் டேப் இணைச்ச இடம், எல்லாத்திலயும் டேப்போ அளவுகோலோ தெரிய வேணும், சைட் நம்பர் எழுதின பலகை தெரிய வேணும், தேதி விழ வேணும். பெடியள் அனுப்புற போட்டோவில பாதியில அவங்கட சப்பாத்துத்தான் இருக்கும். இப்ப நான் பெக்கோக்காரருக்கே சொல்லி வச்சிருக்கிறன், என்ட ஓகே மெசேஜ் வராம மண் தள்ள வேண்டாம் அண்ணை எண்டு. அவர் அதை சைட்டில எஞ்சினியரை விடக் கடுமையா நிண்டு பாக்கிறார்.